குழல்வாய்க்குப் பக்கத்தில் நின்றவன்

1

எட்டுப் பக்கப் படிவம். மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி: காயம் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு ஏற்பட்டது?

தொழிற்சாலைச் சத்தத்தில் காது கெட்டவர்களையும் காயம்பட்டவர்களாகவே எண்ணுவதென்று இந்தச் சீமை அரசாங்கம் இப்போதுதான் முடிவெடுத்திருக்கிறது. நல்ல மனசுதான். ஆனால் தேதி வேண்டுமாம். பதினோரு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாய்ப் போன காதுக்கு நான் எந்தத் தேதியை எழுதுவேன்? நேரிலேயே கேட்டுவிடலாம் என்று பையன் முரளியைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் தலையைக் குனிந்து காகிதத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். வாய் தெரியாவிட்டால் எனக்குப் பேச்சும் தெரியாது. முரளி பக்கத்தில் நின்று அவள் இங்கிலீஷை இன்னும் உரத்த இங்கிலீஷில் எனக்குத் திருப்பிச் சொன்னான். உத்தேசமாக ஒரு தேதி போட்டால் போதுமாம். காலியாக மட்டும் விடக்கூடாதாம்.

வீட்டுக்கு வந்ததும் பெண்டாட்டி வசந்தா நாட்காட்டியைக் காட்டினாள். இந்த வாரம்தான் அம்மா போன திதி. படிவத்தை மேசையில் வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

கும்மிடிப்பூண்டியில் என் தங்கை சரோஜாவைப் பற்றி உறவுக்காரர்கள் ஒரு பேச்சுப் பேசுகிறார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்த தாய்க்கு ஆபரேஷன் வேண்டாமென்று கையெழுத்துப் போட்டு, வீட்டுக்குத் தூக்கிவந்து சாகவிட்டவள் என்று. முன்பெல்லாம் அவள் அதற்குப் பதில் சொல்வாள். இப்போது சொல்வதில்லையாம். "ஆமா, நான்தான் போட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறாளாம். இது மாப்பிள்ளை எழுதித் தெரிந்தது. இரண்டு வருஷமாக எனக்குக் கடிதம் எழுதுவது அவள் புருஷன்தான், அவள் இல்லை.

அந்தப் பழி அவளுக்குச் சேர வேண்டியதல்ல. எப்படி என்று சொல்வதற்கு, நான் இங்கே என்ன வேலை பார்த்தேன் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

2

நான் கடைசல் படித்தவன். செவ்வாப்பேட்டையில் மாமா வீட்டில் தங்கி, ஆவடிப் பக்கம் ஒரு பட்டறையில் லேத்தில் நின்றேன். அறுபதுகளின் தொடக்கத்தில் இங்கே வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மனுப் போட்டு, அனுமதிச் சீட்டு வந்து, பம்பாயில் கப்பலேறினேன். முதலில் ஒரு வார்ப்படச் சாலை. பிறகு ரைஃபிள் குழல் கடைகிற ஒரு கம்பெனி. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதைப் பார்த்த மேஸ்திரி ஹாரி, எண் எழுதுவதற்கென்று என்னைச் சோதனைக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டான். கையெழுத்து நன்றாக இருந்து கெட்டுப்போனவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

துப்பாக்கிக் குழலின் நுனியில் மாட்டுகிற சாமான்களைச் சோதிப்பதுதான் அங்கே வேலை. இதைக் கடிதத்தில் அம்மாவுக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. துப்பாக்கிக்கு மூக்குத்தி செய்கிற இடம் என்று எழுதினேன். அம்மா பழவேற்காட்டுக் கருவாட்டை எடுத்துவந்து கும்மிடிப்பூண்டிச் சந்தையில் விற்கிறவள். அவள் கூவினால் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் திரும்பிப் பார்ப்பான். அந்தத் தொண்டையில், என் மகன் சீமையில் துப்பாக்கிக்கு மூக்குத்தி குத்துகிறான் என்று சந்தை முழுக்கச் சொல்லிவிட்டாள். சரோஜா எழுதிய அடுத்த கடிதத்தில், அம்மா சொல்லச் சொன்னதாக ஒரு வரி இருந்தது: "அத்தக் கொண்டு யாரச் சுடுவாங்க நைனா?"

3

வேலை இப்படி. ரைஃபிளை ஒரு இரும்புத் தாங்கியில் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். பின்னால் ஹாரி. விசையை இழுப்பதும், தூரத்துப் பலகையில் குண்டு எங்கே பட்டது என்று பார்த்துக் கத்துவதும் அவன் பொறுப்பு. முன்னால் குழல்வாய்க்குப் பக்கத்தில் நான். குழலின் மேல் மூன்று இடத்தில் வெப்பம் பார்க்கிற கம்பி ஒட்டியிருக்கும். பத்துக் குண்டுக்கு ஒருமுறை சூட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஹாரி கத்துகிற எண்ணையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

நுனியில் ஒன்றுமே மாட்டாமல் முதலில் சுடுவார்கள். அது அடிப்படை. குழல் சூடேற ஏற எஃகு கொஞ்சம் வளைந்து கொடுக்கும், குண்டுகள் பலகையில் மெல்ல இடம் மாறும். ஒரே இடத்தில் பட வேண்டியவை உள்ளங்கை அகலத்துக்குச் சிதறிவிடும். ஆறவிட்டால் மறுபடி ஒழுங்காகும்.

பிறகு ஒவ்வொரு மூக்குத்தியாக மாட்டுவோம். ஒன்று, தீ மறைக்கிற சாமான். வாயில் நாலைந்து பிளவு விட்ட சின்னக் குழாய். எரிகிற வாயுவைச் சிதறடித்து வெளிச்சத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். சூட்டில் பெரிய வித்தியாசம் காட்டாது. ஆனால் நுனியில் சேர்ந்த அந்தக் கொஞ்சம் எடைக்கே குழல் அதிர்கிற விதம் மாறிவிடும். குண்டு இரண்டு விரல்கடை தள்ளித்தான் படும். தள்ளிப் பட்டாலும் எப்போதும் அங்கேயே படும், அதனால் குறியைத் திருத்திக்கொள்ளலாம்.

இன்னொன்று, சத்தத்தை அடக்குகிற நீளக் குழாய். உள்ளே தடுப்புத் தடுப்பாக இருக்கும். வெளியே ஓட வேண்டிய வாயுவை உள்ளேயே பிடித்துவைத்துக்கொண்டு மெல்ல விடும். பிடித்துவைத்தால் சூடு எங்கே போகும்? குழாயே அடுப்பாகிவிடும். கொஞ்சம் வாயு பின்பக்கமும் திரும்பி, துப்பாக்கியின் உள்ளெல்லாம் கரி பிடிக்கும். குழலும் சீக்கிரம் ஆறாது. நாற்பது ஐம்பது குண்டு போனதும் குழாய்க்கு மேலே காற்று நெளிய ஆரம்பிக்கும், சித்திரை வெயிலில் தார் ரோட்டில் நெளியுமே அப்படி. அதற்குள் பார்த்தால் பலகையே ஆடும். குறி பார்க்கிறவன் தன் கண்மேல் சந்தேகப்படுவான்.

மூன்றாவதுதான் பிரேக். இதுதான் எங்கள் கம்பெனியின் பெருமை. குண்டுக்குப் பின்னால் வருகிற வாயுவை இரண்டு பக்கமும் கொஞ்சம் பின்னோக்கித் திருப்பிவிடும். அதனால் துப்பாக்கி தோளில் உதைப்பது பாதியாகக் குறையும், குறியும் கலையாது. சுடுகிறவன் அடுத்த குண்டை உடனே போடலாம். இங்கே ஒன்று கவனித்தேன். பிரேக் தானாகக் குழலைச் சூடாக்குவதில்லை. அதன் மூஞ்சி மட்டும்தான் சூடாகும். ஆனால் சுடுகிறவனுக்கு வலிக்கவில்லையே, அதனால் அவன் வேகமாகச் சுடுவான். வேகமாகச் சுட்டால் குழல் கொதிக்காமல் என்ன செய்யும்? இதை நான் ஹாரியிடம் சொன்னேன். அவன் யோசித்துவிட்டு அறிக்கையில் தன் பேரில் எழுதிக்கொண்டான்.

உதை எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். பக்கத்தில் போயிற்று. முன்னால் போக வேண்டிய இடி பக்கவாட்டில் வந்து அடிக்கும். பின்னால் இருக்கிற ஹாரிக்கு அது கொஞ்சம்தான். குழல்வாய்க்குப் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்கிறவனுக்குக் கன்னத்தில் அறைகிற மாதிரி இருக்கும். நோட்டில் குண்டு எண்ணிக்கை, குழல் சூடு, சாமான் சூடு, குண்டு பட்ட இடம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கட்டம் இல்லை.

4

இதற்குக் கம்பெனியைக் குறை சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அது பொய். காதுக்குப் பஞ்சு கொடுத்தார்கள். பிறகு ரப்பர் அடைப்பான் கொடுத்தார்கள். நான்தான் எடுத்துவிட்டேன்.

அடைப்பான் போட்ட முதல் வாரத்தில் ஹாரி கத்துகிற எண்கள் எனக்குப் புரியவில்லை. அவன் பேசுவது பள்ளிக்கூடத்தில் நாம் படித்த இங்கிலீஷ் இல்லை, பாதி வார்த்தையை விழுங்கிவிட்டு மீதியைத் துப்புவான். அடைப்பானும் சேர்ந்தால் சுத்தம். "பார்டன்?" என்று கேட்டேன். திருப்பிச் சொன்னான். மறுபடி கேட்டேன். மூன்றாம் முறை கேட்டபோது சுட்டுக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, கூடத்தில் இருந்த எல்லாரையும் பார்த்து, இவனுக்கு யாராவது இங்கிலீஷ் சொல்லிக்கொடுங்கள் என்றான். அன்று சாப்பாட்டுக் கூடத்தில் என்னைப் பார்த்தவனெல்லாம் "பார்டன்?" என்றான். ஒரு வருஷத்துக்கு எனக்கு அதுதான் பேர்.

மறுநாளிலிருந்து அடைப்பானைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். காது கிழிந்தாலும் எண் விளங்கியது. எண் தப்பவில்லை என்று ஹாரி முதுகில் தட்டினான். எனக்குத் தலைகால் புரியவில்லை. புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்துவிட்டதாக நினைத்தேன்.

அப்படியும் விளங்காமல் போகிற பேச்சு இருக்கத்தானே செய்யும்? அதற்கு இன்னொரு வித்தை கற்றுக்கொண்டேன். எதிரில் பேசுகிறவன் முகத்தைப் பார்ப்பது. சிரித்தால் சிரிப்பது, சிரிக்காவிட்டால் "யெஸ், யெஸ்" என்று மண்டையை ஆட்டுவது. பூம்பூம் மாடு கெட்டது போங்கள். அந்த ஒரு "யெஸ்"ஸில் பதினோரு வருஷம் ஓட்டிவிட்டேன். நம்மூரிலிருந்து வந்து பட்டறைகளில் நிற்கிற பலரும் இப்படித்தான் ஓட்டுகிறார்கள். புரியவில்லை என்று சொன்னால் ஊரையே கேவலப்படுத்திவிட்டதாக எங்களுக்கு ஒரு எண்ணம்.

5

காது ஒரேயடியாகப் போவதில்லை. முதலில் மெல்லிய, உயர்ந்த ஒலிகள் போகும் என்று பின்னால் டாக்டர் சொன்னார். ஆண்களின் கட்டைக்குரல் கடைசி வரை இருக்குமாம். அதனால் ஹாரியின் குரல் எனக்கு நன்றாகவே கேட்டது. வசந்தாவின் குரல் போயிற்று. முரளியின் குரல் போயிற்று.

முரளி இங்கேதான் பிறந்தான். நாலைந்து வயது வரை வீட்டில் தமிழ்தான் பேசினான். பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து கதை கதையாகச் சொல்வான். நான் தலையாட்டுவேன். ஒருநாள் எதையோ சொல்லி நிறுத்தினான். நான் சிரித்தேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. அவன் ஆசையாக வளர்த்த எலி செத்துவிட்டதைச் சொல்லியிருக்கிறான். வசந்தா பிறகு சொன்னாள். அதற்கப்புறம் கதை குறைந்தது. தமிழும் குறைந்தது. தப்பாகப் பேசினால் திருத்துவதற்கு எனக்குக் கேட்டால்தானே? இப்போது பதின்மூன்று வயதாகிறது. எதையாவது சொல்ல வாயெடுப்பான். நான் "என்னப்பா?" என்றால், ஒன்றுமில்லை, விடுங்கள் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விடுவான். அவன் என்னோடு முழுதாகப் பேசுவது அலுவலகக் கவுண்டர்களில் மட்டும்தான்.

காதில் ஏதோ அழுக்கு என்று வசந்தாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். டாக்டரிடம் போகச் சொல்லி அவள் நச்சரித்தாள். டாக்டர் எழுதிக்கொடுத்தால் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் நான் போகவில்லை.

6

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. மெட்ராசில் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று சரோஜாவிடமிருந்து கடிதம் வந்திருந்தது. வந்து நாலு நாள்கூட ஆகவில்லை. ஒரு நாள் காலை, பிரேக் சோதனை நடந்துகொண்டிருந்தபோது ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. இந்தியாவிலிருந்து உனக்கு ட்ரங்க் கால்.

கூடத்திலிருந்து நேரே ஓடினேன். காதுக்குள் ரீங்காரம் அடங்கவில்லை. ஆபீஸில் நாலைந்து குமாஸ்தாக்கள் வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தியாவிலிருந்து போன் வருவது அவர்களுக்கு வேடிக்கை. ஹாரியும் பின்னாலேயே வந்து கதவோரம் நின்றான்.

போனை எடுத்தேன். "அண்ணா" என்றது கேட்டது. சரோஜாதான். பிறகு தகரத்தில் அரிசி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். நடுவில் "அம்மா" கேட்டது. "ஆஸ்பத்திரி" கேட்டது. அவள் அழுகிறாள் என்பது தெரிந்தது. மற்றது ஒன்றும் தெரியவில்லை.

திருப்பிச் சொல்லு என்று கத்தியிருக்கலாம். எனக்குக் காது கேட்கவில்லை, தந்தி அடி என்று சொல்லியிருக்கலாம். வேறு யாராவது ஆம்பளை இருந்தால் பேசச் சொல்லு என்றாவது சொல்லியிருக்கலாம். இதெல்லாம் இப்போது வரிசையாகத் தோன்றுகிறது. அப்போது தோன்றியது ஒன்றுதான்: இத்தனை பேர் முன்னால் "இன்னா? இன்னா?" என்று நான் கத்தினால் இவர்கள் சிரிப்பார்கள். அவள் பேசி நிறுத்தினாள். பதிலுக்குக் காத்திருக்கிறாள் என்று தெரிந்தது. எதிரே முகம் இருந்தால் பார்த்துத் தெரிந்துகொள்வேன். போனில் முகம் ஏது?

"சரிம்மா, சரி" என்றேன்.

மறுபடி ஏதோ கேட்டாள். "சரிம்மா" என்றேன். கவலைப்படாதே, எல்லாம் நல்லபடியாகும் என்று நானாக ஒன்றைச் சேர்த்துச் சொன்னேன். லைன் அறுந்துவிட்டது. எல்லாம் சரிதானே என்று ஹாரி கேட்டான். யெஸ், யெஸ் என்று சொல்லிவிட்டுப் போய் மறுபடி குழல்வாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

சாயங்காலம் வசந்தா கேட்டாள், சரோஜா என்ன சொன்னாள் என்று. அம்மாவுக்குப் பரவாயில்லையாம், பார்த்துக்கொள்கிறார்களாம் என்றேன். பெண்டாட்டியிடம்கூட உண்மை வாயில் வரவில்லை. எப்படியும் சரோஜா விவரமாகக் கடிதம் போடுவாள், வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அப்படி ஒன்பது நாள் இருந்தேன். சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன், எண் எழுதினேன். ஒன்பதாம் நாள் தந்தி வந்தது. அம்மா இல்லை.

7

கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஆபரேஷன் செய்தால் பிழைக்கலாம், செய்யும்போதே போனாலும் போகலாம், எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வீட்டுக்குப் போகணும் என்று அம்மா அழுதிருக்கிறாள். அன்று சாயங்காலத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். "மூத்தவரு நீ கீறப்ப நான் எப்படி முடிவு பண்ணுவேன்? அதனாலதான் தந்தி ஆபீசுல நாள் பூரா நின்னு உனுக்குப் போன் போட்டேன். நீ சொன்னபடியே ஆபரேஷன் வேணாம்னு கையெழுத்து போட்டு வூட்டுக்கு இட்டாந்துட்டோம்" என்று எழுதியிருந்தாள்.

நீ சொன்னபடியே. அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. நான் எதுவும் சொல்லவில்லை சரோஜா என்று பதில் எழுத உட்கார்ந்தேன், மூன்று தாளைக் கிழித்தேன். கடைசியில், நீ செய்ததுதான் சரி என்று எழுதிப் போட்டேன். சரி என்கிற வார்த்தை எனக்கு அவ்வளவு சுலபமாக வருகிறது.

8

வருஷாப்திக்குத்தான் போக முடிந்தது. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கினால் எனக்கு வழி தெரியவில்லை. பொட்டல் காடாகக் கிடந்த இடமெல்லாம் இரும்பு உருக்குகிற கம்பெனி, மருந்துக் கம்பெனி, புகைபோக்கி. மாப்பிள்ளை அதில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். வீடு ரயில் பாதையை ஒட்டி. ரயில் போனால் சுவர் அதிர்வது தெரிந்தது. சத்தம் எனக்குக் கொஞ்சம்தான் கேட்டது.

திதி கொடுத்து முடித்துச் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். செவ்வாப்பேட்டை மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு ஆரம்பித்தார். மாமாவுக்குக் கட்டைக்குரல், எனக்கு நன்றாகக் கேட்டது. ஆபரேஷன் பண்ணியிருந்தால் என் தங்கச்சி இன்னிக்கும் சந்தைக்குப் போய்க்கொண்டிருப்பாள், எவளோ கையெழுத்துப் போட்டு இட்டாந்துவிட்டாள் என்றார். சரோஜா எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"நானா ஒண்ணும் போடல மாமா. அண்ணன் சொல்லிச்சி, போட்டேன். இதோ குந்திக்கினு கீதே, அத்தயே கேளு."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். மாமா அடங்கிவிட்டார். ஒரு வருஷமாக அவள் இதை வைத்துக்கொண்டுதான் ஊர் வாயை அடைத்திருக்கிறாள் என்று அப்போது புரிந்தது. அவளுக்கு நல்லதுதான் செய்தேன் என்று நினைத்துக்கொண்டேன். பெரிய உபகாரி.

மறுநாள் காலை நாஷ்டா முடிந்து வாசலில் உட்கார்ந்து ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரோஜா எனக்குப் பின்னால் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று எழுந்து முன்னால் வந்து நின்றாள். கையெல்லாம் சாம்பல். என் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"மூணு வாட்டி கேட்டேன்ணா. நீ திரும்பவே இல்ல."

யோசனையில் இருந்தேன் என்றேன். அவள் நம்பவில்லை. வந்ததிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறாளாம், கூப்பிட்டால் திரும்புவதில்லை, வாயைப் பார்த்துத்தான் பேசுகிறேன் என்று. எத்தனை நாளாய் இப்படி என்று கேட்டாள். நாலைந்து வருஷம் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவளுக்கும் உறைத்தது. எதிரில் மண்ணில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கி போன்ல நான் உன்னிய ரெண்டு கேட்டேன். இன்னா இன்னா கேட்டேன், சொல்லு."

ஒன்று எனக்குத் தெரியும், கடிதத்தில் இருந்தது. வீட்டுக்கு இட்டுக்கினு போயிடட்டுமா என்று கேட்டாய் என்றேன்.

"அது லெட்டர்ல எழுதுனது. இன்னொண்ணு?"

எனக்குத் தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷமாக எனக்குச் சோறு போட்ட வித்தை அது. அந்த முகத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை.

"அம்மா உன்னிய கேட்டுக்கினே கீது, வரேன்னு அதுக்கிட்ட சொல்லிடட்டுமான்னு கேட்டேன். சரிம்மான்னு சொன்னியே."

பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள். நான் அவள் உதட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அண்ணன் வருது என்று அவள் சொன்னதும்தான் அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு இறங்கினாளாம். வீட்டுக்கு வந்ததும் கட்டிலை வாசல் தெரிகிற மாதிரி போடச் சொன்னாளாம். மெட்ராசிலிருந்து ரயில் வருகிற நேரமெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒவ்வொரு ரயிலுக்கும் முன்னால் தலை வாரிவிடச் சொல்வாளாம், கன்னாபின்னா என்று கிடந்தால் புள்ளை பயந்துவிடுவான் என்று. நாளைக்கு வந்துடும், நாளைக்கு வந்துடும் என்று சரோஜா எட்டு நாள் சொல்லியிருக்கிறாள். கடைசி இரண்டு நாள் அந்தத் தொண்டையில் குரலே இல்லையாம். சீப்பைக் கையால் காட்டினாளாம்.

வரேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனவன் என்றுதான் ஒரு வருஷம் என்னை நினைத்திருக்கிறாள். அதை மாமாவிடம் சொல்லவில்லை, புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. எனக்கு எழுதிய கடிதத்திலும் அதைக் குத்திக்காட்டவில்லை. அன்று காலை என் முதுகுக்குப் பின்னால் மூன்று முறை அவள் கேட்டது அதைத்தானாம்: ஏன்ணா வரல?

நான் கேட்கவே இல்லை சரோஜா, எனக்கு ஒன்றுமே காதில் விழவில்லை, வெட்கப்பட்டுக்கொண்டு சரி சரி என்றேன் என்று சொன்னேன். முதன்முதலாக ஒரு மனுஷியிடம் சொன்னேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. எதையோ கணக்குப் போடுகிறவள் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்ப, நான் ஒண்டியாத்தான் கையெழுத்து போட்டனா?"

என்னால் தலையைக்கூட ஆட்ட முடியவில்லை. அவள் எழுந்துபோய்க் குழாயடியில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். முதுகு என் பக்கம். தோள் அசைவதிலிருந்து அவள் ஏதோ பேசுகிறாள் என்று தெரிந்தது. என் தலை தானாக ஆடப் போயிற்று. பிடித்து நிறுத்திக்கொண்டு, எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"கேக்கலம்மா. இன்னொரு வாட்டி சொல்லு" என்றேன்.

அவள் திரும்பச் சொல்லவில்லை.